கொந்தகை எலும்புகளும் கால்சியம் நீக்கமும்: சான்று காத்தல் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

வடக்கே சிங்கம்புணரி முதல் தென்மேற்கே திருப்புவனம் வரை பரந்துள்ள சிவகங்கை மாவட்டத்தில், கீழடி மக்களின் இடுகாடாகக் கருதப்படும் ஊர் கொந்தகை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2020-இல் கீழடியின் ஆறாம் கட்ட அகழாய்வோடு இங்கும் அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகளும் மனித எலும்புகளும் வெளிப்பட்டன. அவ்வெலும்புகளின் தொன்மரபணு ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஈடுபட்டுள்ளது. இவ்வகை ஆய்வின் தொடக்கப் படிகளுள் ஒன்று கால்சியம் நீக்கம். ஒருமுறை கரைத்த எலும்பு மீளாது. எனவே இச்செய்முறை வரலாற்றாய்வாளரும் கருத்தில் கொள்ளவேண்டியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அளத்தலும் கரைத்தலும்

தமிழகத்துத் தொல்லெலும்புகள் முதலில் அளக்கப்பட்டன. ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தனர். அங்குக் கிடைத்த மண்டையோடுகள் குறித்த சுக்கர்மனின் ஆய்வு 1930-இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அளவுகோல் எலும்பைச் சிதைப்பதில்லை. பின்வருவோர் மீண்டும் அளந்து முன்னோர் முடிபைச் சரிபார்க்கலாம். கரைத்தலில் அவ்வாய்ப்பு இல்லை.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம்; எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதமும் நீரும். நோய்க்குறியியல் ஆய்வகத்தில் எலும்பை மெல்லிய சீவல்களாக வெட்ட இக்கனிமம் தடையாகிறது. நைட்ரிக் அமிலம் அதனை விரைந்து நீக்கும். நேரம் கடந்தால் உயிரணுக்கள் சாயமேற்கும் தன்மை கெடும். இ.டி.டி.ஏ. கால்சியம் அயனிகளைப் பற்றி மெல்ல நீக்கும். நாள்கள், வாரங்கள் ஆனாலும் மரபணுவுக்குச் சேதம் குறைவு. தொன்மரபணு ஆய்விலும் எலும்புத்தூள் இக்கரைசலிலேயே பொதுவாக இடப்படுகிறது. கரிமக் காலக்கணிப்பிலோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கனிமத்தைக் கரைத்துக் கொலாஜனைப் பிரிக்கிறது.

வெப்பநிலத்தின் இடர்

வெப்பமான நிலத்தில் கொலாஜனும் மரபணுவும் விரைந்து சிதைகின்றன. கரைத்த பின்னும் பயன் கிட்டாமல் போகலாம். அரியானாவின் ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகள் சோதிக்கப்பட்டு, ஒருவருடைய மரபணுத் தரவே ஆய்வுக்கு உதவியதாக 2019-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. உட்காதைச் சூழ்ந்த அடர்ந்த எலும்பு மரபணுவை நன்கு காப்பதால் அதுவே பெரிதும் நாடப்படுகிறது. ஒருவர் உடலில் அத்தகைய எலும்பு இரண்டே.

கீழடிக்குப் பொ.ஆ.மு. 580 என்னும் காலத்தைத் தந்தது கரித்துண்டு. அது வாழ்விடத்தின் காலத்தைச் சொல்லும். அங்கு வாழ்ந்தோரின் உடல்வழிச் சான்று எலும்பிலேயே உள்ளது. அதனால்தான் இழப்பின் எடை கூடுகிறது.

முடிவுரை

கரைப்பதற்கு முன் எலும்பை அளந்து, ஒளிப்படமும் சி.டி. படிமமும் எடுத்தல் வேண்டும். இரு பக்க உட்காது எலும்புகளும் கிடைத்தால் ஒன்றைத் தொடாது காத்தல் நன்று. பயன்படுத்திய கரைசல், மாதிரியின் எடை, எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றோடு பயனளிக்காத முயற்சிகளும் அகழாய்வு அறிக்கையில் இடம்பெற வேண்டும். தோல்வி பதியப்படாவிடில் அடுத்த ஆய்வாளரும் அதே வழியில் இன்னொரு எலும்பை இழப்பார். தாழியில் வைக்கப்பட்டவர்களைப் பற்றி நாளை எழும் வினாக்களுக்கும் இன்றைய எலும்பே விடைதர வேண்டியிருக்கிறது.