உறைபனி கற்றுத்தந்த பாடம்

உதகமண்டலத்தை இன்னொரு இங்கிலாந்தாகவே ஆங்கிலேயர் எண்ணினர். குளிர் ஒன்றானால் செடியும் ஒன்றாகவே வளரும் என்பது அவர்கள் கணக்கு. 1848-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்து தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கிய வில்லியம் மெக்ஐவர் காலத்திலிருந்து பார்த்தால், அந்தக் கணக்கு பாதிதான் பலித்தது. ஊர் 2,200 மீட்டருக்கு மேல் இருந்தாலும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில்தான் இருக்கிறது. ஐரோப்பிய மரங்கள் பழகிய நீண்ட குளிர்காலம் இங்கே இல்லை. டிசம்பர், ஜனவரியில் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவில் கனத்த குளிர்காற்று பள்ளங்களில் தேங்க, அங்கே உறைபனி படியும். சரிவில் பிழைக்கும் நாற்று பள்ளத்தில் கருகும். ஆகவே தாங்குதிறன் செடியின் குணம் மட்டுமல்ல, நட்ட இடத்தின் குணமும்கூட. நீண்ட குளிர்காலத்துக்குப் பழகாத ஆண்டீஸ் மலையின் உருளைக்கிழங்கும் சின்கோனாவும், ஆஸ்திரேலியாவின் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை.

ரோஜாவும் முட்டைக்கோசும் செழித்தனவே என்று கேட்கலாம். செழித்தன, ஆனால் அவை உரமும் காவலும் பெற்ற தோட்டத்துப் பிள்ளைகள். விறகுக்கு அயல்மரம் நட்டிராவிட்டால் சோலைக்காடுகளே மிஞ்சியிருக்காது என்பது இன்னும் வலுவான வாதம். தொடக்கத்தில் அதில் நியாயம் இருந்தது. ஆனால் சீகை மரம் விறகுத் தோப்போடு நிற்கவில்லை. இம்மலையின் பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளுக்குள் பரவியது. உறைபனிக்கு அஞ்சாத செடியைத் தேடியவர்கள், அது எங்கே நிற்கும் என்று கேட்க மறந்தார்கள்.