கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள்

கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய வேளாண் பகுதி. தமிழ்நாட்டின் பன்னீர் திராட்சையில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது. பட்டாசு நகரமான சிவகாசியிலிருந்து பார்த்தால் இது மலைக்கு மறுபக்கம். 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் மலையின் இரு பக்கத்து மாவட்டங்களிலும் படர்ந்திருக்கிறது. ஆனால் காட்டைக் கடந்து செல்ல நேர்ச்சாலை இல்லை. டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, தேனி என்று சுற்றித்தான் போகவேண்டும்.

மலையின் இரு பக்கமும் இருவேறு உலகங்கள். 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைக் கம்பத்துக்குத் திருப்பிவிட்டது. நெல்லும் வாழையும் தென்னையும் செழித்தன. மழை குறைந்த கரிசல் பூமியான சிவகாசி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் திரும்பியது.

பன்னீர் திராட்சை எனப்படுவது மஸ்கட் ஹாம்பர்க் வகை. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒப்பிட்டுப் பார்த்தால், போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு 1756இலேயே எல்லை வகுக்கப்பட்ட ஒயின் பகுதி. அங்கே கொடிகள் மலைச்சரிவுப் படிக்கட்டுகளில் வரிசையாக நிற்கின்றன. குளிர்காலத்தில் உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத் தொடக்கத்தில் பழம் தருகின்றன. கம்பத்தில் குளிர்காலமே இல்லை. குளிர்காலம் செய்யும் வேலையை இங்கே கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக் கத்தி செய்கிறது. கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. ஒவ்வொரு தோட்டத்திலும் கவாத்து வேறு வேறு நாளில் நடப்பதால், ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு தோட்டத்தில் குலை தொங்கும். கல்தூண்களில் கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருப்பதால் கொடி தலைக்குமேல் படர்கிறது. வருபவர்கள் நிழலில் நடந்தபடி குலைகளை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

ஐரோப்பாவில் பயணி தோட்ட வீட்டில் தங்கி, நிலவறை ஒயினை ருசித்து, மெல்லப் பொழுதைக் கழிப்பார். கம்பத்தில் அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. இங்குள்ள பழம் பெரும்பாலும் தின்பதற்கே. கேரளச் சந்தைகளுக்கும் நிறைய போகிறது. குமுளிச் சாலையில் கேரளப் பயணிகள் வண்டியை நிறுத்தி, பந்தலடியில் படமெடுத்து, திராட்சைச் சாறு குடித்து, கிலோக்கணக்கில் வாங்கிச் செல்கிறார்கள்.

சிவகாசிக்காரர்களுக்கு ஓய்வு வாய்க்கும் காலம் தீபாவளியை ஒட்டியது. அப்போதுதான் பட்டாசு ஆலைகள் மூடிக்கிடக்கும். முதலாளி குடும்பங்களுக்கு அது சுற்றுலா; நாள்கூலிக்கும் எண்ணிக்கைக் கூலிக்கும் உழைப்பவர்களுக்கோ வருமானமில்லாத நாட்கள். வடகிழக்குப் பருவமழையும் அதே வேளையில் வருகிறது. பழுக்கும் தருணத்தில் மழை பெய்தால் திராட்சை வெடித்துவிடும், அடிச்சாம்பல் நோயும் தாக்கும். நல்ல பழம் வேண்டுபவர் மழையில்லா மாதங்களில் வருவதே நல்லது.

தோட்டங்களைப் பார்க்க அரைநாள் போதும். மீதிப் பொழுதுக்குச் சுருளி அருவியும், எல்லைக்கு அப்பால் குமுளியும் தேக்கடியும் உண்டு. சுருளியில் வெள்ளம் பெருகும் நாட்களில் வனத்துறை குளிக்க விடுவதில்லை.