பெட்டியில் ஒரே 6 வாட், உள்ளே இரு வேறு கணினி: செலரோன் என்4020, இன்டெல் என்100 ஓர் ஒப்பீடு

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைக்கு ஒரு மடிகணினி வாங்குவது வன்னியில் பல குடும்பங்களுக்குச் சிறிய செலவல்ல. ஒரு போகத்து நெல்லோ, பல மாதத்து உப்பளக் கூலியோ அதில் போய்விடும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. பின்னர் சற்று இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே இன்று வாங்கும் கணினி குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது உழைக்க வேண்டும்.

மலிவு விலை மடிகணினிகளில் அடிக்கடி எதிர்ப்படும் இரண்டு செயலிகள் இன்டெல் செலரோன் என்4020, இன்டெல் என்100. இரண்டும் இன்டெல். இரண்டின் விவரக் குறிப்பிலும் 6 வாட் என்றே இருக்கும். வெளித்தோற்றத்தில் மடிகணினிகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வேலைத்திறனில் இவற்றுக்கிடையே உள்ள இடைவெளி பெரிது.

எண்கள் சொல்வது என்ன?

என்4020 2019ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. 14 நானோமீற்றர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. இதில் கோர் எனப்படும் செயற்கருக்கள் இரண்டு மட்டுமே. உச்ச வேகம் 2.8 கிகாஹேர்ட்ஸ். அதிகபட்சம் 8 ஜிபி நினைவகத்தை ஏற்கும்.

என்100 2023இன் தொடக்கத்தில் வந்தது. இன்டெல் தனது மடிகணினிகளில் செலரோன், பென்டியம் என்ற பெயர்களைக் கைவிட்ட பின் வந்த முதல் வரிசை இது. இதில் நான்கு கோர்கள் உள்ளன. உச்ச வேகம் 3.4 கிகாஹேர்ட்ஸ். இன்டெலின் கணக்குப்படி 16 ஜிபி வரை நினைவகத்தை ஏற்கும். காட்சிப் பகுதியின் அலகுகளும் 12இலிருந்து 24 ஆக இரட்டித்துள்ளன.

பொதுவான வேக அளவீட்டுச் சோதனைகளில், எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது என்100 மூன்று மடங்குக்கு மேல் வேலை செய்கிறது. ஒரு கோர் மட்டும் உழைக்கும்போதும் ஒன்றரை மடங்குக்கு மேல் முன்னிற்கிறது. இன்னொரு விதமாகப் பார்த்தால், 2015இல் வந்த கோர் ஐ5-6500 என்ற மேசைக்கணினிச் செயலிக்கு அருகே இது நிற்கிறது. அந்தச் செயலிக்குக் குறிக்கப்பட்டது 65 வாட்.

6 வாட் என்பதன் பொருள்

6 வாட் என்பதைப் பலர் மின்பாவனை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது, செயலி தன் அடிப்படை வேகத்தில் தொடர்ந்து இயங்கும்போது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு. பாரமான வேலை வரும்போது இரண்டு செயலிகளும் சிறிது நேரம் அதைவிட அதிகமாக மின்சாரம் இழுக்கும். எவ்வளவு, எத்தனை வினாடி என்பதை மடிகணினியைச் செய்த நிறுவனமே தீர்மானிக்கிறது.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, அந்த 6 வாட்டுக்குள் எவ்வளவு வேலை முடிகிறது என்பதுதான். ஒரு வேலையை என்4020 பத்து வினாடியிலும் என்100 நான்கு வினாடியிலும் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். மிச்ச ஆறு வினாடிக்கு என்100 ஏறத்தாழ உறங்கிவிடும். என்4020 கணினியிலோ செயலியும் உழைக்கும், திரையும் வீணே எரிந்துகொண்டிருக்கும். மெதுவான கணினி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது தவறான எண்ணம்.

மின்வெட்டும் சூரிய மின்சாரமும்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பரீட்சைக்குப் படிக்கும் வீட்டில் இந்தக் கணக்கு முக்கியமானது.

12 வோல்ட், 40 அம்பியர் மணி கொண்ட ஈயப் பற்றரி ஒன்றில் 480 வாட் மணி இருக்கும். பற்றரி கெடாமலிருக்க அதில் பாதியையே எடுக்க வேண்டும். இன்வேர்ட்டரில் போகும் இழப்பையும் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 200 வாட் மணி. திரையும் சேர்ந்து 12 வாட் எடுக்கும் மடிகணினி இதில் 16 மணித்தியாலம் ஓடும். திரையுடன் 80 வாட் எடுக்கும் பழைய மேசைக்கணினி இரண்டரை மணித்தியாலத்தில் நின்றுவிடும்.

டைப்-சி ஊடாக மின்னேற்றும் வசதியுள்ள மடிகணினி என்றால், அதற்குப் போதிய வாட் தரும் வாகன சார்ஜரைக் கொண்டு 12 வோல்ட் பற்றரியிலிருந்தே ஏற்றலாம். இன்வேர்ட்டர் இழப்பும் குறையும்.

உப்புக் காற்றும் வெயிலும்

ஆனையிறவு போன்ற இடத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கடல்நீரேரியும் உப்பளமும் சூழ்ந்த இடத்தின் காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருக்கும். மின்விசிறியுள்ள மடிகணினி அந்தக் காற்றை உள்ளே இழுத்து, உலோக இணைப்புகளின் மேல் விடுகிறது. அவை அரிப்பதற்கு இது வழி செய்யும். இந்த இரண்டு செயலிகளும் மின்விசிறி இன்றி இயங்கக்கூடியவை என்பதால், விசிறியில்லாத மாதிரி கிடைத்தால் அதுவே இங்கு பொருத்தம்.

ஆனால் விசிறி இல்லாத கணினி உச்சி வெயிலில் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தையில் வைத்துப் பாவிக்காமல் மேசையில் வைப்பதும், வேலை முடிந்ததும் துணியால் மூடி வைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

டேட்டாச் செலவு

யூடியூப் காணொளிகள் பல இப்போது ஏவி1 என்ற வடிவிலும் வருகின்றன. அதே தெளிவுக்குப் பழைய வடிவங்களைவிடக் குறைந்த டேட்டாவே இதற்குப் போதும். என்100 இதை வன்பொருளிலேயே விரித்துக் காட்டும். என்4020இல் அந்த வசதி இல்லை. கையடக்கத் தொலைபேசியின் டேட்டாவில் பாடம் பார்க்கும் பிள்ளைக்கு இது மாதந்தோறும் தெரியும் வேறுபாடு.

யாருக்கு எது?

தட்டச்சு, விரிதாள், இணையத்தில் ஒரு பக்கம், சூம் வகுப்பு என ஒவ்வொன்றாகச் செய்பவருக்கு என்4020 போதும். வகுப்பு ஓடும்போதே குறிப்பும் எழுதி, இன்னும் நான்கு பக்கங்களைத் திறந்தால் திணறும். உயர்தரப் பாடத்திட்டத்திலுள்ள பைதன், தரவுத்தளம், இணையப்பக்க வடிவமைப்பு ஆகியவற்றை என்100 தடையின்றித் தாங்கும்.

அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடம் போன்ற இடங்களுக்குச் சென்று முப்பரிமாண வரைபு மென்பொருள்களைப் பாவிக்கப் போகிறவருக்கு இரண்டுமே போதாது. அவர்களுக்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய கோர் ஐ5 பாவித்த மடிகணினி சிறந்த தெரிவு. ஆறாம், ஏழாம் தலைமுறை மலிவாகக் கிடைத்தாலும் கவனம் தேவை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11இன் பட்டியலில் அந்தத் தலைமுறைகள், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, இல்லை. என்4020, என்100 இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளன.

கடையில் பார்க்க வேண்டியவை

1. முழு எண்ணைக் கேளுங்கள். "இன்டெல்", "செலரோன்" என்பது மட்டும் பதிலாகாது. என்4500 2021இல் வந்தாலும் அதிலும் இரண்டே கோர்கள். என்95 வேகத்தில் என்100க்கு நெருக்கமானது, ஆனால் அதற்கு 15 வாட்.

2. கணினியை இயக்கி, டாஸ்க் மனேஜரில் செயலியின் பெயரையும் நினைவகத்தையும் நீங்களே பாருங்கள். பெட்டியில் ஒட்டியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

3. நினைவகம் 8 ஜிபி இருக்கட்டும். மலிவு மாதிரிகள் பலவற்றில் 4 ஜிபி பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், பின்னர் கூட்ட முடியாது.

4. சேமிப்பகம் இஎம்எம்சியா, எஸ்எஸ்டியா என்று கேளுங்கள். 64 ஜிபி இஎம்எம்சி விண்டோஸ் 11க்கான குறைந்தபட்ச அளவு மட்டுமே. சில இற்றைப்படுத்தல்களிலேயே நிறைந்துவிடும். 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளதை எடுங்கள்.

5. உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். திருத்த வேலை எங்கே நடக்கும் என்றும் கேளுங்கள். கொழும்புக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருப்பதும் ஒரு செலவுதான்.

விலை வித்தியாசம் சிறிதானால் என்100ஐத் தவிர வேறு யோசனை தேவையில்லை. கையில் உள்ள பணம் என்4020க்கு மட்டுமே போதுமென்றால், 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள மாதிரியைத் தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், 4 ஜிபியும் 64 ஜிபியும் கொண்ட புதிய பெட்டியைவிட, நல்ல நிலையிலுள்ள எட்டாம் தலைமுறை பாவித்த மடிகணினி பிள்ளைக்கு அதிக காலம் உதவும்.