தாமிரபரணி: நான் பாதி மட்டும் நடத்திய பாடம்



ஒரு கல்யாண வீட்டில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். ஏரல்காரன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுச் சாமான் அத்தனையும் போய்விட்டதாம். "ஆறு மலையில பிறக்குன்னு நீங்கதான சார் சொன்னீங்க. அணையத் தொறக்கட்டும், பொறவு பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குப் பந்தியில் சாப்பாடு இறங்கவில்லை.

நான் சொன்னது தப்பில்லை, ஆனால் பாதிதான். மீதியை இப்போது எழுதுகிறேன்.

பொதிகை மலையில், 1,868 மீட்டர் உயர அகத்தியமலையை ஒட்டிய காடுகளில் தாமிரபரணி பிறக்கிறது. புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டர். காவிரியோடு பார்த்தால் சின்னப் பிள்ளை. ஆனால் இதற்கு இரண்டு மழை. ஜூனில் கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் நனைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சோலைக்காடும் புல்வெளியும் அந்த நீரைப் பிடித்து வைத்து மெதுவாகக் கசியவிடும். நம் ஊரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்ததன் ரகசியம் இதுதான். இவ்வளவும் வகுப்பில் நடத்தினேன்.

நடத்தாதது, மலையை விட்டு இறங்கியபின் நடப்பது. பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில், 1870களில் முடிந்தது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. இவை தண்ணீரைத் தேக்குவதற்கு அல்ல, கால்வாயில் திருப்பிவிடுவதற்கு. கால்வாய் குளத்தை நிரப்பும். குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். வயலில் வடிந்ததும் மறுகாலில் மிஞ்சியதும் ஆற்றுக்கே திரும்ப, அதைக் கீழே உள்ள அடுத்த அணைக்கட்டு மறுபடி பிடிக்கும். ஒரே தண்ணீர் எத்தனை வயலைப் பார்க்கிறது என்று யோசியுங்கள். இப்படி 180க்கும் மேற்பட்ட குளங்கள், ஏறத்தாழ 86,000 ஏக்கர்.

அந்தக் குளங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சமவெளியில் பெய்யும் மழையையும் அவைதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

1992 நவம்பர் வெள்ளம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அது மலையில் கொட்டிய மழை. அணைகளிலிருந்து வந்த தண்ணீர். அதைப் பார்த்த எங்கள் தலைமுறைக்கு வெள்ளம் என்றாலே மேற்கே பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18இல் மலையிலும் மழைதான், அணைகளிலிருந்தும் தண்ணீர் வந்தது. ஆனால் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62! ஓராண்டில் பெய்யவேண்டியது ஒரே நாளில், கடலோரத்தில். பாபநாசம் அணைக்கும் அந்த மழைக்கும் என்ன சம்பந்தம்? அணைக்குக் கீழே விழுந்த மழையை அணை எப்படிப் பிடிக்கும்? குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறும் சீவலப்பேரியில்தான், அதாவது அணைகளையெல்லாம் கடந்தபிறகுதான், சேர்கிறது. குளங்கள் உடைந்து, ஆறும் தரையும் ஒன்றாகி, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டதை டிவியில் பார்த்தோமே.

ஏரல் பக்கத்து மண்ணே ஆறு கொண்டுவந்து போட்டதுதான். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே தோண்டிப் பார்த்து, வண்டல் படிந்து கடல் விலகியதை எழுதினார். அதற்குப்பின் துறைமுகமான காயலுக்கும் அதே கதிதான். வெள்ளம் வராமல் வண்டல் ஏது? கொற்கையை வரலாற்றுப் பாடத்திலும் ஆற்றைப் புவியியலிலும் நடத்தினேன். இரண்டையும் சேர்த்து ஒருநாள்கூட நடத்தவில்லை.

அந்த மாணவனிடம் ஒன்று கேட்டேன்: "உங்க ஊர்ப் பக்கத்துக் குளத்து மறுகால் எந்த வழியாப் போகுதுன்னு தெரியுமா?" தெரியாது என்றான். விசாரித்துச் சொல் என்றேன். மூன்றாம் நாள் போன் வந்தது. "எங்க தெருவுக்குப் பின்னாடிதான் சார்."

நீங்களும் ஐப்பசிக்குள் உங்கள் ஊர் மறுகாலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கீழே எழுதுங்கள்.