காகிதச் சீட்டிலிருந்து ‘பீப்’ ஒலி வரை

சாலைக் கட்டணச் சாவடியைக் கடக்கும்போது காருக்குள் கேட்கும் ‘பீப்’ ஒலி நமக்குப் பழகிப்போய்விட்டது. அது என்றைக்கும் இருந்தது என்றே இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த ஒலி சிங்கப்பூரில் கேட்கத் தொடங்கியது 1998இல்தான். அதற்கு முன் இருபத்து மூன்று ஆண்டுகள் காகிதத்தையும் மனிதர்களையும் வைத்து நடந்த பரிசோதனை ஒன்று உண்டு. இடையில் ஹாங்காங்கில் தோற்றுப்போன ஒரு முயற்சியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும்.

1975 ஜூன் 2ஆம் தேதி, நகர மையத்தில் சுமார் 6 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கட்டுப்பாட்டு வட்டாரம் என்று அறிவித்தார்கள். காலை 7.30 முதல் 9.30 வரை காரில் உள்ளே போக வேண்டுமானால் நாளுக்கு 3 வெள்ளி, மாதத்துக்கு 60 வெள்ளி கொடுத்து உரிமச்சீட்டு வாங்கி முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு நுழைவிடத்திலும் மேலே ஒரு பலகை. கீழே வெயிலில் ஓர் அதிகாரி. சீட்டில்லாத வண்டியை அவர் நிறுத்த மாட்டார். எண்ணை மட்டும் குறித்துக்கொள்வார். அபராதக் கடிதம் பிறகு வீட்டுக்கு வரும்.

அப்போது நான் ராபின்சன் சாலையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். தினமும் பேருந்தில்தான் வருவேன். நால்வர் இருக்கும் காருக்குச் சீட்டு வேண்டாம் என்று ஒரு சலுகை இருந்தது. அதனால் பேருந்து நிறுத்தங்களில் ஒரு புதுக் காட்சி: பளபளக்கும் கார்கள் வந்து நின்று முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு போகும். ஏறியவருக்குப் பேருந்துக் காசு மிச்சம், ஓட்டியவருக்கு 3 வெள்ளி மிச்சம். நானும் சில நாள் அப்படிக் குளுகுளுவென்று வேலைக்குப் போனவன்தான். உங்களில் சிலருக்கும் அந்த அனுபவம் இருக்கும்.

விளைவு திட்டமிட்டவர்கள் எதிர்பார்த்ததையும் தாண்டியது. அந்த நேரத்தில் உள்ளே நுழையும் வாகனங்கள் 44 விழுக்காடு குறைந்தன. கார்கள் மட்டும் 73 விழுக்காடு. உலக வங்கியே இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஆனால் எல்லாமே நினைத்தபடி நடக்கவில்லை. 9.30 மணிக்காகக் காத்திருந்து பலர் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். முதலில் விலக்குப் பெற்றிருந்த டாக்சிகளும் சில வாரங்களிலேயே சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. நகர எல்லையில் காரை நிறுத்திவிட்டுச் சிறு பேருந்தில் உள்ளே போகலாம் என்று கட்டிய வாகன நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. காலையில் வண்டி குறைந்தால் மாலையிலும் தானாகக் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. 1989இல் மாலை நேரத்துக்கும் கட்டணம் வந்தது. நால்வர் சலுகையும் அப்போது போயிற்று.

ஒரு விதியை வைப்பது, மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது, பிறகு திருத்துவது. இதைத்தான் உண்மையான பரிசோதனை என்பேன்.

இனி ஹாங்காங் கதை. 1983 முதல் 1985 வரை அங்கே உலகிலேயே முதன்முறையாக மின்னியல் முறையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். சுமார் 2,600 வாகனங்களின் அடியில் மின்னணு எண்பலகை பொருத்தினார்கள். சாலைக்குள் புதைத்த கம்பிச்சுருள் அதைப் படிக்கும். மாதக் கடைசியில் உரிமையாளர் வீட்டுக்குக் கட்டணச் சீட்டு போகும். இயந்திரத்தில் குறையில்லை, சோதனை வெற்றி. ஆனாலும் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

காரணம் என்ன? நான் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் இருந்தேன் என்று அரசாங்கத்துக்கு ஏன் தெரிய வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் உடன்பாடு 1984இல் கையெழுத்தான காலம் அது. அந்தக் கேள்வியின் கனம் நமக்குப் புரியும். மேலும், 1982இல் கார் வரிகளைக் கடுமையாக உயர்த்தியதில் கார்கள் ஏற்கெனவே குறைந்திருந்தன. 1985இல் ஹாங்காங் தீவில் சுரங்க ரயிலும் ஓடத் தொடங்கியது. ‘நெரிசல்தான் குறைந்துவிட்டதே, இது இன்னொரு வரிதானே’ என்று மாவட்டச் சபைகள் எதிர்த்தன.

சிங்கப்பூர் இதைக் கவனித்தது. இங்கே காகிதச் சீட்டுகள் பலவகையாகப் பெருகி, ஓடும் வண்டியில் அவற்றைப் பார்த்துப் பிரித்தறிவதே அதிகாரிகளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. எனவே 1995இல் 197 மில்லியன் வெள்ளிக்கு மின்னியல் முறை ஒப்பந்தம் கையெழுத்தானது. இதில் முக்கியமானது கேஷ்கார்டு. காருக்குள் இருக்கும் கருவியில் அட்டையைச் செருகினால், சாவடியைக் கடக்கும் கணமே பணம் கழிந்துவிடும். மாதக் கடைசியில், நீ எங்கெங்கே போனாய் என்று பட்டியலிட்டு வீட்டுக்குத் தாள் வராது. பணம் இல்லாத வண்டியை மட்டுமே புகைப்படம் எடுப்பார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களுக்கு முதல் கருவியை இலவசமாகப் பொருத்திக் கொடுத்தார்கள். 1998 ஏப்ரல் 1ஆம் தேதி ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலையில் தொடங்கி, செப்டம்பரில் நகர மையத்துக்கும் வந்தது. காகிதச் சீட்டின் காலம் முடிந்தது.

இங்கே அரசாங்கம் ஒன்றை முடிவு செய்தால் அது நடந்துவிடும் என்பதும் உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மக்களின் அச்சம் என்ன என்று முன்கூட்டியே யோசித்துக் கருவியை வடிவமைத்ததற்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும்.

அதன் பிறகும் திருத்தங்கள் நிற்கவில்லை. கட்டணம் மாறும் நிமிடத்துக்காகச் சிலர் சாவடிக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து ஊர்ந்தார்கள். 2003இல் கட்டணத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் முறை வந்தது. சாலையில் வாகனங்களின் வேகத்தை அளந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணத்தை மாற்றும் வழக்கமும் ஏற்பட்டது.

2023இன் இறுதியில் செயற்கைக்கோளின் துணையோடு இயங்கும் புதுக் கருவியைப் பொருத்தத் தொடங்கினார்கள். கருவி எங்கே பொருத்தப்படுகிறது, திரை வேண்டுமா வேண்டாமா என்று காப்பிக்கடைகளில் நிறையப் பேச்சு. தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வசூலிக்கும் திட்டம் அப்போதைக்கு இல்லை என்று அரசாங்கம் சொன்னது. ஆனால் வண்டி இருக்குமிடத்தை அறியும் திறன் இந்தக் கருவிக்கு உண்டு. ஆகவே ஹாங்காங் மக்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வி இப்போது நம் வாசலுக்கு வந்திருக்கிறது. இயந்திரம் சரியாக வேலை செய்யுமா என்பதைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது நம்மைப் பற்றி எதைத் தெரிந்துகொள்கிறது, எவ்வளவு நாள் வைத்துக்கொள்கிறது என்பதை நாம்தான் கேட்க வேண்டும். வண்டி ஓட்டாத என்னைப் போன்ற கிழவர்களும் கேட்கலாம்.