வாளும் வரியும்: பாளையங்கள் வீழ்ந்த வரலாறு

கல்லாவி அமைந்த ஊத்தங்கரை வட்டாரத்திலும் அதை ஒட்டிய செங்கத்திலும் நடுகற்கள் நிறைய உண்டு. ஆநிரை மீட்டு மாண்ட வீரன், வில்லும் வாளும் ஏந்தி, அம்பு தைத்த உடலோடு நிற்பான்; பக்கத்தில் மன்னனின் ஆட்சியாண்டும் வீரனின் பெயரும் வட்டெழுத்தில் இருக்கும். மறவர்க்குக் கல் எடுத்த மண்ணில், வீரமே ஆட்சியைத் தந்தது என்ற எண்ணம் எளிதில் வேரூன்றும். ஆனால் வாளேந்தியவரை ஆள்பவராக்கியது வரி வாங்கும் உரிமையே. அது கைமாறியபோது வாள் இருந்தும் ஆட்சி நிலைக்கவில்லை.

ஜப்பானிய சாமுராய்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1185இல் மினமோட்டோ யோரிடோமோ பண்ணை நிலங்களுக்குத் தம் ஆட்களைக் காரியக்காரர்களாக அமர்த்தும் உரிமை பெற்றார். படைத்தலைமை ஆட்சியாளரைக் குறிக்கும் ஷோகன் பட்டம் 1192இல்தான் வந்தது. வரி முந்தியது, பட்டம் பிந்தியது. நம் நாட்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் வகுத்ததாக மரபு கூறும் 72 பாளையங்களும் இதே அடித்தளத்தில் எழுந்தவை. பாளையக்காரர் நிலவரி திரட்டினார்; அதில் ஒரு பங்கை மதுரைக்குச் செலுத்தி, ஒரு பங்கில் படை வைத்து, எஞ்சியதில் வாழ்ந்தார். ஊர்க்காவலுக்கெனத் தனி வரியும் அவருக்கு உண்டு.

ஆங்கிலேயரின் பீரங்கியே பாளையங்களை வீழ்த்தியது என்பர். கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றிலும், மருது சகோதரர்கள் 1801இல் சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டது உண்மை. அவர்களின் தியாகம் என்றும் போற்றத்தக்கது. ஆயினும் பாளையக்காரரிடம் கிஸ்தி என்னும் வரித்தவணை வாங்கும் அதிகாரத்தை ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது 1792இல். அந்தக் கிஸ்தித் தகராறுதான் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியில் போராக மூண்டது. கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரம் பாளையமும் படையை இழந்து ஜமீனாகச் சுருங்கியதே! தோல்விதான் காரணம் என்றால், வென்றவர் பக்கம் நின்றவர் ஏன் படையிழந்தார்? ஊத்தங்கரையை உள்ளடக்கிய பாராமகால் பகுதி இன்னும் தெளிவான சான்று. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அது கம்பெனிக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவரோடு நேரடியாக வரி பேசினர். ரயத்துவாரி முறை இங்குதான் உருவெடுத்தது. இடைநின்று வரி திரட்டுபவருக்கு அதில் இடமில்லை.

ஜப்பானில் சாமுராய்களே தம் ஆட்சியை முடித்தனர், இங்கே அந்நியர் முடித்தனர், ஒப்பீடு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி நியாயமானது. முடித்த கை வேறு. முடித்த வரிசை ஒன்று. தோக்குகாவா காலத்தில் பெரும்பாலான சாமுராய்கள் கிராமத்தை விட்டுக் கோட்டை நகரங்களில் அரிசிச் சம்பளத்தில் வாழ்ந்தனர். 1871இல் சிற்றரசுகள் ஒழிந்தன. 1873இல் நிலவரிச் சீர்திருத்தமும் கட்டாயப் படைச்சேவையும் வந்தன. 1876இல்தான் வாள் அணியத் தடை வந்தது. 1877இல் சாமுராய்த் தலைவர் சைகோ தகாமோரியின் கிளர்ச்சி அந்தக் கட்டாயச் சேவைப் படையிடம் தோற்றது. இங்கும் 1792இல் கிஸ்தி வாங்கும் உரிமை கம்பெனியிடம் போனது. 1801 இறுதியில்தான் ஆயுதப் பறிப்பு அறிவிப்பு வந்தது. ஆகவே இம்மண்ணின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளையும் நடுகற்களையும் படிப்பதோடு பாராமகால் வரிக்கணக்குகளையும் படிக்க வேண்டும். யார் போரிட்டார் என்பதைக் கல் சொல்லும். யார் ஆண்டார், ஏன் வீழ்ந்தார் என்பதைக் கணக்கே சொல்லும்.