டி.வி. வாத்தியார்!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கலாம்? கம்ப்யூட்டரும் டேப்லெட்டும் வந்த பிறகு முளைத்த கவலை என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அறுபது வருடங்களுக்கு முன்பே, பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவுக்கூட்டம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது!

அமெரிக்கன் சாமோவா. பெயரே சொல்கிறது, அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள தீவுகள். 1961-ல் அங்கே கவர்னராக வந்து இறங்கினார் ரெக்ஸ் லீ. பள்ளிகளின் நிலையைப் பார்த்தவருக்கு ஷாக்! ஆங்கிலத்தில் பாடம் நடத்தவேண்டும். ஆனால், பல ஆசிரியர்களுக்கே ஆங்கிலம் தடுமாற்றம். நல்ல ஆசிரியர்களை உருவாக்க வருடக்கணக்கில் ஆகுமே... லீ ஒரு குறுக்குவழி பிடித்தார். டெலிவிஷன்!

அலாவா மலை உச்சியில் கோபுரம் எழும்பியது. அங்கே ஆட்கள் போய்வர, பாகோ பாகோ துறைமுகத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கியபடி ஒரு ரோப் கார் வேறு! 1964-ல் ஒளிபரப்பு ஆரம்பம். ஸ்டூடியோவில் அமெரிக்க ஆசிரியர் பாடம் நடத்துவார். வகுப்பறையில் நிற்கிற உள்ளூர் ஆசிரியர்? பாவம், டி.வி. முடிந்ததும் பயிற்சி கொடுக்கும் உதவியாளர்! 1966-ல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனே நேரில் வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

அப்புறம்? சின்ன வகுப்புகளில் ஓரளவு வரவேற்பு. பெரிய வகுப்புகளில்தான் முணுமுணுப்பு. திரை தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 'புரியலை சார்' என்று ஒரு பையன் கையைத் தூக்கினால், அதற்குத் தெரியவா போகிறது? இதற்குள் உள்ளூர் ஆசிரியர்களும் பயிற்சி பெற்றுத் தேறிவந்தார்கள். எழுபதுகளில் டி.வி. பாடங்கள் படிப்படியாகக் குறைந்தன. வாத்தியாராக வந்தது, வெறும் துணைக்கருவியாக ஓரமாய்ப் போய் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், டி.வி. தீவை விட்டுப் போய்விடவில்லை. சாயந்திரமானால் அமெரிக்கத் தொடர்கள்! பாடம் சொல்ல வந்தது, பொழுதுபோக்காக வீடுகளில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

இன்றைக்கும் அதே கதைதான். கம்ப்யூட்டர் மயமான ஸ்வீடன், மழலைப் பள்ளிகளில் டிஜிட்டல் கருவிகளைக் கட்டாயமாக்கும் முடிவிலிருந்து 2023-ல் பின்வாங்கியது. பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்க அந்த ஆண்டு ஒதுக்கிய தொகை, 68.5 கோடி குரோனர்!

திரை கெட்டதா என்றால், இல்லை. ஆசிரியர் இல்லாத இடத்தில் அது கை கொடுக்கும். ஆசிரியர் இருக்கும்போதே அவரை ஓரங்கட்டினால்தான் வம்பு. உங்கள் பிள்ளையின் பள்ளியில் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று பெருமையாகச் சொன்னால், ஒன்றே ஒன்று கேளுங்கள்...

அதை அணைக்கிற ஸ்விட்ச் யார் கையில் இருக்கிறது?